திரைச்சீலைக் கம்பி ஆண்டெனா

என் வீட்டுக்காரர் ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார். கருமக்கிரியை முடிந்து, வந்த சொந்தங்கள் எல்லாம் அவரவர் வீட்டுக்குத் திரும்பிய பிறகு, ஒரு மாலையில் அவருடைய ரேடியோ செட்டை முடுக்கினேன். வீட்டில் ஏதாவது சத்தம் வேண்டியிருந்தது. டிவியைப் போட்டால் அதில் வருகிறவர்கள் எல்லாரும் எதற்காகவோ சிரித்துக்கொண்டே இருந்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது சி.பி. ரேடியோ. ஒரு காலத்தில் லோரிக்காரர்கள் வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ள வைத்திருந்தது. கைப்பேசி வந்த பிறகு அதை யாரும் சீண்டுவதில்லை, என் வீட்டுக்காரரைப் போன்ற சிலரைத் தவிர. மைக்கில் உள்ள பட்டனை அழுத்திக்கொண்டு பேச வேண்டும், விட்டுவிட்டுக் கேட்க வேண்டும். அந்தச் சேனலில் இருக்கும் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். இருக்கிற இடம்தான் பெயர். செராஸில் இருப்பவர் செராஸ். ஸ்ரீ கெம்பாங்கானில் இருப்பவர் ஸ்ரீ கெம்பாங்கான். என் வீட்டுக்காரர் பிரிக்பீல்ட்ஸ்.

எங்கள் வீடு ஒரு பழைய அடுக்குமாடியின் கடைசி மாடியில் இருக்கிறது. அவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் தையல்காரி. ஹாலில் என் மெஷின், அதைச் சுற்றி அடுத்தவர் வீட்டுக் கல்யாணத் துணிகள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சாயங்காலம் ஆனால் அவர் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே பேசுவது முணுமுணுவென்று கேட்கும். என் மெஷின் சத்தத்தில் ஒரு வார்த்தை புரியாது. வெளியே வந்தால் அந்த மனிதருக்கு வாய் இருப்பதே தெரியாது. ஏதாவது கேட்டால் ‘ம்’ என்பார், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அந்தச் செட்டை நான் சக்களத்தி என்றுதான் சொல்வேன். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று இப்போது பூசி மெழுகப் போவதில்லை. எனக்கு அதன்மேல் நிஜமான எரிச்சல் இருந்தது.

முடுக்கியதும் செட்டு கரகரவென்று இரைந்தது. அணைக்கப் போனபோது இரைச்சலுக்கு அடியில் ஓர் ஆண்குரல் கேட்டது.

“பிரிக்பீல்ட்ஸ், பிரிக்பீல்ட்ஸ். போர்ட் கிள்ளான் கூப்பிடுது. கேக்குதா பிரிக்பீல்ட்ஸ்?”

அணைக்காமல் கையை எடுத்துக்கொண்டேன். செத்துப்போன மனிதரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். சற்று விட்டு மறுபடியும் கூப்பிட்டார். பிறகு இன்னொரு முறை. “சரி, நாளைக்கு வரேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். துக்க வீட்டில் பத்துப் பேர் பார்க்க அழுதது வேறு. இது வேறு.

மறுநாள் மாலை அவர் கூப்பிட்டபோது மைக்கை எடுத்துப் பட்டனை அழுத்தி, “ஹலோ,” என்றேன். அவர் பாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் பேசியது அவருக்குப் போகவில்லை. எப்படிப் போகும்? துக்கம் நடந்த வாரத்தில் மொட்டை மாடியில் ஒழுக்கு அடைக்க வந்த ஆட்கள், அங்கே நின்ற ஆண்டெனாவைக் கழற்றிப் பழைய இரும்போடு அனுப்பிவிட்டார்கள். கேபிள் மட்டும் மேலிருந்து சுவரோரமாக இறங்கி, சன்னல் வழியாக அறைக்குள் வந்தது. அதன் மேல்முனை மழையிலும் வெயிலிலும் கிடந்தது. அந்த மொட்டைக் கேபிள் பிடித்துக் கொடுத்ததைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அவர் இறந்துவிட்டார், இனிமேல் கூப்பிடாதீர்கள். ஆனால் அதைச் சொல்ல வழியில்லை. போன் நம்பர் கிடையாது. வருசக்கணக்காகப் பேசியும் இரண்டு பேரும் நம்பர் வாங்கிக்கொள்ளவில்லை, ஒரு தடவைகூட நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் நான் கேட்டதற்கு, “அதான் செட்டு இருக்கே,” என்றார் என் வீட்டுக்காரர். அவர் எனக்கு முழு வாக்கியமாகப் பதில் சொன்ன அபூர்வமான சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறி, கடைசி நிறுத்தமான போர்ட் கிள்ளானில் இறங்கினேன். வீட்டுக் கூரைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். எங்கேயாவது உயரமாக ஒரு கம்பி நிற்கும், அந்த வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று நினைப்பு. எல்லாக் கூரையிலும் டிவித் தட்டுகள்தான் இருந்தன. கொள்கலன் லோரிகள் தூசியைக் கிளப்பிக்கொண்டு போயின. ஒரு சாப்பாட்டுக் கடையில், “ரேடியோவில பேசுற ஆளு யாராச்சும் இந்தப் பக்கம் இருக்காங்களா?” என்று கேட்டேன். “எந்த ஸ்டேஷன் ஆன்டி?” என்றார் கல்லாவில் இருந்தவர். பெயர் தெரியாத ஓர் ஆளைப் பற்றி அதற்கு மேல் என்ன சொல்வது? பால் சேர்க்காத தே ஓ ஒன்று குடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினேன்.

வாரங்கள் போகப் போக அவர் கூப்பிடுவது குறைந்தது. முன்பு மூன்று நான்கு முறை கூப்பிட்டவர் இரண்டு முறையோடு நிறுத்தினார். ஒரு மாலை கூப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்தார். பிறகு, “என்ன பிரிக்பீல்ட்ஸ், கோவமா?” என்று கேட்டார். “அன்னிக்கு நான் சொன்னது தப்புதான். அதுக்காக இப்படியா லா? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

அந்த மனிதர் தான் சொன்ன ஏதோ ஒன்றால் என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படி என்ன சொன்னார்? தெரியாது. என் வீட்டுக்காரர் வாய் பேசாதவராக இருக்கலாம், ஆனால் கூப்பிட்டவருக்குப் பதில் சொல்லாத ஆள் இல்லை. இருக்கும்போது நான் அவரை ஆயிரம் குறை சொல்லியிருக்கிறேன். இல்லாதபோது வேறொருவர் அவரைத் தப்பாக நினைப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இந்த ஆள் கூப்பிடுவதை விட்டுவிடுவதற்குள் அவர் காதில் என் குரல் விழ வேண்டும். ஆண்டெனாவை நானே செய்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

எனக்குத் தெரிந்ததில் பாதி, அவருக்கு ஏணி பிடித்துப் பிடித்துத் தெரிந்துகொண்டது. மீதி, கைப்பேசியில் எவனோ ஓர் ஆஸ்திரேலியக்காரன் தன் வீட்டுக் கொல்லையில் நின்று பேசும் வீடியோவில் பார்த்தது. விஷயம் ஒன்றும் பெரிதில்லை. இரண்டே முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓர் அலுமினியக் கம்பி நேராக நிற்க வேண்டும். அதன் அடியில் அதே நீளத்தில் நான்கு கம்பிகள், குடைவெட்டுப் பாவாடை மாதிரி நான்கு பக்கமும் சரிந்து இறங்க வேண்டும். நிற்கிற கம்பி கீழே இருக்கிற நான்கையும் தொடக்கூடாது. கேபிளின் நடுக்கம்பி மேலே, அதைச் சுற்றியுள்ள வலை கீழே. அவ்வளவுதான்.

நான் திரைச்சீலையும் தைத்து மாட்டிக் கொடுப்பவள் என்பதால் கம்பிக்குப் பஞ்சமில்லை. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் அலுமினியத் திரைச்சீலைக் கம்பி வீட்டிலேயே கிடந்தது. இழுத்தால் நீளும், தள்ளினால் குறுகும். வெட்டிய பிறகு நீளம் போதவில்லை என்று தலையில் கை வைக்க வேண்டியதில்லை. துணியிலும் நான் அப்படித்தான். பிரிக்க வேண்டி வரும் என்று உள்ளே ஒரு விரற்கடை விட்டுத்தான் வெட்டுவேன். காய்கறி நறுக்கும் பிளாஸ்டிக் பலகையை அறுத்து அடிப்பலகையாக்கினேன். சுவரில் திரைச்சீலை மாட்ட வைத்திருக்கும் டிரில்லால் துளை போட்டேன். அளவெல்லாம் என் கழுத்தில் தொங்கும் இஞ்சு டேப்பில்தான். மூன்று ரவிக்கைகள் பிந்திப்போயின. ஒரு கல்யாணக்காரி போனில் கத்தினாள். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

மொட்டை மாடிச் சாவி வாசலில் காவலுக்கு இருக்கும் ஜாகாவிடம் இருந்தது. நேப்பாளத்துப் பையன், ஆனால் என்னைவிட நன்றாக மலாய் பேசுவான். தோளில் கம்பியும் கையில் பலகையுமாக நான் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு, எதற்கு என்று கேட்காமல் சாவியைக் கொடுத்தான். “ஹாத்தி ஹாத்தி, ஆன்டி,” என்றான். ஜாக்கிரதையாகத்தான் ஏறினேன். பழைய ஆண்டெனா நின்ற இரும்புக் குழாய் இன்னும் இருந்தது. அதில் என்னுடையதைக் கட்டி, கீழே கிடந்த கேபிளின் முனையைத் துடைத்து மாட்டினேன். மேலே நின்று பார்த்தால் ஒரு பக்கம் ரயில் தண்டவாளங்கள், இன்னொரு பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள். அவர் இருந்தால் கீழே செட்டின் முன்னால் நானும் மேலே அவருமாக இருப்போம். இப்போது மேலேயும் நான்தான், கீழேயும் நான்தான்.

செட்டுக்கும் கேபிளுக்கும் நடுவில் அவர் ஒரு மீட்டர் மாட்டியிருந்தார். நாம் பேசும்போது எவ்வளவு வெளியே போகிறது, எவ்வளவு ஆண்டெனாவில் முட்டித் திரும்பி வருகிறது என்று அது காட்டும். முள் ஒன்றை ஒட்டி நின்றால் எதுவும் திரும்பவில்லை, எல்லாம் சரி. மூன்றைத் தாண்டினால் செட்டுக்கே ஆபத்து. அவர் புதிதாக ஓர் ஆண்டெனா கட்டினால் அந்த முள்ளை ஒன்றுக்குக் கொண்டுவர இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆகும். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அன்றைக்கெல்லாம் வீட்டில் சாப்பாடு ஆறிப்போகும்.

நான் கீழே வந்து பட்டனை அழுத்தினேன். முள் ஒன்றை ஒட்டி நின்றது. முதல் தடவையிலேயே!

எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டனை விட்டு மறுபடி அழுத்தினேன். அதே இடம். ஆசை தீர நெடுநேரம் அழுத்திக்கொண்டிருந்தேன். அப்படிச் சேனலை அடைத்துக்கொண்டிருந்தால் செராஸ்காரர் சும்மா விட மாட்டார், பட்டனை விட்டதும் மலாயில் வசவு வரும் என்று இத்தனை நாள் கேட்டதில் தெரிந்திருந்தது. காத்திருந்தேன். வசவு வரவில்லை. புதிதாக வந்த பெண்பிள்ளை என்று மரியாதை கொடுக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். முப்பது வருசம் தைத்திருக்கிறேன். முதல் தடவை போட்டுப் பார்த்ததும் கச்சிதமாக உட்கார்ந்த ரவிக்கையை ஒன்றுகூடக் கண்டதில்லை. அந்தப் புத்தி அன்றைக்கு எங்கே போனதோ!

சாயங்காலம் போர்ட் கிள்ளான் கூப்பிட்டார். நான் பட்டனை அழுத்தி, “அண்ணே, நான் அவரு வீட்டுக்காரி பேசுறேன். அவரு தவறிட்டாரு,” என்றேன். அந்த வாக்கியத்தை அதுவரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. மற்றவர்கள்தான் எனக்காகப் போனில் எல்லாருக்கும் சொன்னார்கள்.

பட்டனை விட்டேன். “கேக்குதா பிரிக்பீல்ட்ஸ்? சரி, பரவால,” என்றார் அவர். போய்விட்டார்.

அதன் பிறகு எத்தனையோ மாலை அதே வாக்கியத்தைச் சொன்னேன். அவர் என் பேச்சுக்கு மேலேயே பேசிக்கொண்டு போனார். பெண் குரல் என்பதால் பதில் சொல்லக் கூச்சப்படுகிறாரோ என்றுகூட முதலில் நினைத்தேன். இல்லை, காதில் விழவே இல்லை. செராஸைக் கூப்பிட்டேன், ஸ்ரீ கெம்பாங்கானைக் கூப்பிட்டேன். அவர்கள் மழையைப் பற்றியும் டோல் நெரிசலைப் பற்றியும் தங்களுக்குள் மலாயில் பேசிக்கொண்டார்கள். நான் ஒருத்தி நடுவில் கத்திக்கொண்டிருப்பது ஒருவருக்கும் தெரியவில்லை. பிழை அலையை மறைக்கும் அந்தக் கண்ணாடிக் கட்டடங்கள்மேல்தான் என்று முடிவு கட்டி, குழாயோடு சேர்த்து அந்தக் கம்பத்தை மொட்டை மாடியில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். எங்கே நட்டாலும் முள் ஒன்றில்தான் நின்றது. மீட்டர் எல்லாம் சரி என்கிறது, ஆனால் ஊரில் ஒருவருக்கும் நான் கேட்கவில்லை.

அந்த நாட்கள் மாதிரித் தனிமையை நான் பார்த்ததில்லை. அவர் இறந்த அன்றுகூட இப்படி இல்லை. சில மாலைகளில் போர்ட் கிள்ளான் வரவே இல்லை. அப்போதும் நான் செட்டின் முன்னால் உட்கார்ந்து பட்டனை அழுத்திக்கொண்டு பேசினேன். இன்றைக்கு வந்தவள் கை அளவு கொடுத்துவிட்டு, தைத்த பிறகு தான் இளைத்துவிட்டேன் என்கிறாள் என்றேன். லிஃப்ட் மறுபடி கெட்டுப்போச்சு என்றேன். யார் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான். பேசி முடித்துப் பட்டனை விட்டால் அதே இரைச்சல்.

பிறகு நிர்வாக அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். மொட்டை மாடிக்குப் பெயிண்ட் அடிக்கிறோம், இரண்டு நாளைக்கு உங்கள் கம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கேபிளைக் கழற்றி அங்கேயே போட்டுவிட்டு, கம்பத்தைக் கீழே கொண்டுவந்து ஹாலில் மெஷின் ஓரமாகக் கிடத்தினேன். அன்று மாலை குரல் கேட்டதும் வழக்கம்போல ஓடிப்போய் மைக்கை எடுத்து அழுத்தி, பேச வாயைத் திறந்தேன். கண் மீட்டரில் இருந்தது. முள் ஒன்றை ஒட்டி நின்றது.

திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தால் ஆண்டெனா ஹாலில் தரையில் கிடக்கிறது.

ஆண்டெனாவே இல்லாமல் எப்படி எல்லாம் சரியாக இருக்கும்? பிறகு புரிந்தது. சன்னலுக்கு வெளியே கேபிளை இழுத்துப் பிடித்து, துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தேன். அந்தக் கத்தரியால் துணியைத் தவிர வேறு எதையும் நான் வெட்ட விட்டதில்லை. அன்று அதாலேயே கேபிளை வெட்டினேன். உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது. செம்பு பச்சையாகி, வலையெல்லாம் கறுத்துக் கிடந்தது. மாதக்கணக்கில் மழையில் கிடந்த முனை வழியாகத் தண்ணீர் அடி வரை இறங்கியிருக்கிறது. நான் பேசியதையெல்லாம் அந்த ஊறிய கேபிளே விழுங்கியிருக்கிறது. ஆண்டெனா வரை எதுவும் போகவில்லை, அதனால் முட்டித் திரும்பவும் எதுவும் இல்லை. திரும்பி வராததைப் பார்த்து மீட்டர் எல்லாம் நலம் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்பதற்குக் கொஞ்சம் கசிந்து வந்தாலே போதும், அதனால்தான் அவர்கள் குரல் எனக்குக் கேட்டது. போய்ச் சேரத்தான் பலம் வேண்டும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த வாக்கியத்தை ஒவ்வொரு முறை சொல்லவும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அத்தனையையும் ஒரு ஈரக் கேபிளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

பெயிண்ட் காய்ந்ததும் மின்சாமான் கடைகள் இருக்கும் ஜாலான் பாசாருக்குப் போய்த் தடித்த கேபிளாகப் பார்த்து வாங்கிவந்தேன். கம்பத்தை நட்டு, இணைப்பின்மேல் டேப்பை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினேன். கீழே வந்து பட்டனை அழுத்தினால் முள் மூன்றைத் தாண்டித் துள்ளியது. நான் கைதட்டிச் சிரித்தேன். பொய் சொல்லாத முள் இதுதான். இனிமேல்தான் நிஜ வேலை.

ஆனால் ஒவ்வொரு விரற்கடைக்கும் மாடி ஏறி இறங்க என் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. யோசித்து ஒரு வழி செய்தேன். பாவாடை எலாஸ்டிக்கால் மைக் பட்டனை இறுக்கிக் கட்டினேன். என் வீட்டுக்காரரின் கைப்பேசியை மீட்டருக்கு முன்னால் நிறுத்தி, அதிலிருந்து எனக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். அந்த நம்பரை நான் இன்னும் விடவில்லை, மாதாமாதம் டாப் அப் செய்து வைத்திருக்கிறேன். என் கையில் கைப்பேசி அதிர்ந்தது. திரையில் அவர் படம். பத்து மலைக் கோயிலில் எடுத்தது, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார். எடுக்காமல் அது அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மறுபடி ஒரு முறை போட வேண்டியதாயிற்று.

மேலே நின்று கம்பியைக் கொஞ்சம் தள்ளுவது, விலகி நின்று திரையில் முள்ளைப் பார்ப்பது. இரண்டரை. இன்னும் கொஞ்சம். இரண்டு. பக்கத்தில் நின்றால் ஒன்று காட்டும், நகர்ந்தால் வேறு காட்டும். கடைசியில் ஒன்றரைக்குக் கீழே வந்ததும் போதும் என்று திருகை முடுக்கினேன். கீழே போய் எலாஸ்டிக்கை அவிழ்த்ததுதான் தாமதம், செட்டு கத்தியது.

“ஓய்! சியாப்பா து, யாரு லா அது? நாசமாப் போறவனே, எவ்ளோ நேரம் லா சேனல அடைச்சி வச்சிருப்ப?”

செராஸ்காரர்தான். அவர் தமிழர் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். வாய் நிறையத் திட்டினார். அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்! கண்ணில் நீர் வந்துவிட்டது. “மன்னிச்சிக்குங்கண்ணே,” என்றேன். பெண் குரல் கேட்டதும் அவர் நாக்கு ஒட்டிக்கொண்டது.

ஆனால் போர்ட் கிள்ளான் வரவில்லை. அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. நானே கூப்பிட்டேன். பதில் இல்லை. விட்டுவிட்டார் என்றே நினைத்தேன். இவ்வளவு பாடுபட்டும் ஒரு வாரம் பிந்திவிட்டேன். தைக்க உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அறைக் கதவை விரியத் திறந்து வைத்து, மெஷினை மிதிக்காமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மாலை மழை விட்டதும் வந்தார். “பிரிக்பீல்ட்ஸ்,” என்றார். ஒரே தடவை. கேட்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை.

ஓடினேன். மனப்பாடமாகியிருந்த வாக்கியம் வரவில்லை. “கேக்குதுண்ணே,” என்றேன். “போர்ட் கிள்ளான், நல்லா கேக்குது.”

“யாரும்மா அது?”

“பிரிக்பீல்ட்ஸ்தாண்ணே. அவரு வீட்டுக்காரி.”

“அட, தையக்காரம்மாவா!” அவர் குரலில் அவ்வளவு சந்தோசம். “பக்கத்து வீட்லேருந்து பேசற மாதிரி கேக்குதும்மா. எங்க நம்ம ஆளு? இன்னும் கோவந்தானா?”

என்னை அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தத் திகைப்பிலேயே சொல்லிவிட்டேன். “அண்ணே, அவரு தவறிட்டாருண்ணே.”

இரைச்சல் சட்டென்று அடங்கியது. அங்கே அவர் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கிறார், ஆனால் பேசவில்லை. பின்னால் எங்கேயோ ஒரு லோரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

“எப்பம்மா?” என்றார் கடைசியில்.

சொன்னேன். அவர் மனசுக்குள் கணக்குப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. “அன்னிக்கு சாங்காலம் எங்கூடப் பேசினாரே. அன்னிக்கு ராத்திரியாம்மா?”

“அன்னிக்கு ராத்திரிதாண்ணே. தூக்கத்துலயே. உங்க மேல கோவமெல்லாம் இல்ல. கோவப்பட அவரு இல்ல.”

பிறகு என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. “அப்படி என்னண்ணே சொன்னீங்க அவர்கிட்ட?”

“தப்பா ஒண்ணும் இல்லம்மா. அவரு தெனம் உங்களப் பத்திதான் பேசுவாரு. எங்க வீட்ல இன்னிக்கு மீன் தலைக் கறி, ரெண்டாவது தட்டு கேட்டு வாங்குனேன்பாரு. ரவிக்கையில கைவேல பண்றா, பாத்தா மெஷினு போட்டதுன்னு சொல்லுவாங்கம்பாரு. கண்ணு வலிச்சாலும் வாயத் தொறந்து சொல்ல மாட்டா, நானே லைட்ட மாத்திப் போட்டேன்பாரு. வருசக்கணக்கா இதே பேச்சுதான் லா. அன்னிக்குக் கேட்டேன், இதெல்லாம் அவங்ககிட்ட சொல்லியிருக்கீங்களான்னு. இல்லன்னாரு. எனக்கு வந்திச்சு பாருங்க கோவம். எம்பொண்டாட்டி போனப்புறம் நான் செவுத்துகிட்ட சொல்லிகிட்டு இருக்கேன். உங்களுக்கு ஆளு ஹால்லயே உக்காந்திருக்கு. போயி சொல்லுங்க, சொல்லிட்டு வந்து எங்கூடப் பேசுங்க, அது வரைக்கும் கூப்பிடாதீங்கன்னுட்டேன். சரின்னுட்டு செட்ட அணைச்சிட்டாரு. அதோட சரி.”

அந்தச் சாயங்காலம் எனக்கு ஞாபகம் வந்தது. வழக்கத்தைவிடச் சீக்கிரம் அறையிலிருந்து வெளியே வந்தார். வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். மறுநாள் காலையில் கொடுக்க வேண்டிய கல்யாண ரவிக்கை மெஷினில் இருந்தது, என் வாயில் குண்டூசிகள் இருந்தன. திரும்பாமலே, “என்ன?” என்பது போல் முனகினேன். அவர் அங்கேயே நின்றார். தரையில் கிடந்த நூல் துண்டுகளைக் குனிந்து பொறுக்கினார். பிறகு, “ஒண்ணுமில்ல,” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

“தையக்காரம்மா, இருக்கீங்களா?” போர்ட் கிள்ளான் மறுபடி கூப்பிட்டார். “அன்னிக்கு வந்து சொன்னாராம்மா?”

நான் பட்டனை அழுத்தினேன். அங்கே அவருக்கு இப்போது இரைச்சல் அடங்கியிருக்கும், நான் பேசப் போகிறேன் என்று தெரிந்திருக்கும்.

“சொன்னாருண்ணே,” என்றேன். “எல்லாத்தையும் சொன்னாரு.”

“அப்ப சரிம்மா,” என்றார். “அப்ப சரி.”